மிஷினுக்குக் கண் கட்டியவர்கள்

என் மகள் படம் எடுத்திருக்கிறாள் என்று கம்பெனியில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. நடிகர் யாரும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து நடக்க வைத்தது, மனுஷனுக்கும் மிஷினுக்கும் நடக்கிற யுத்தம் என்று கேண்டீனில் சாம்பார் சாதத்துக்கு நடுவில் விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் கடைசி வருஷத்துக்காக அவள் செய்து கொடுக்க வேண்டிய வேலை அது. பத்து நிமிஷம்கூட ஓடாது. நான் அளந்த அளப்பைக் கேட்டவர்களோ இடைவேளை உண்டா என்று விசாரித்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் அடிக்கிற ஷெட் ஒன்றில் நான் செட்டர். பிரஸ் மிஷினில் தகட்டை அழுத்தி வடிவாக்குகிற இரும்பு அச்சை, அதாவது டையை, மாட்டுவது, அளவு பார்ப்பது, மிஷின் மக்கர் செய்தால் ஓடிவந்து சரி செய்வது என் வேலை. நான் பார்க்கிற பிரஸ் ஒன்றில் பெடல் மிதித்து டையை இறக்குபவர் ஒரு அம்மா. பிள்ளைகளைப் பள்ளிப்பட்டில் தாய்வீட்டில் விட்டுவிட்டு இங்கே வாடகை அறையில் இருக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் ஷெட்டில் ஊர்ப்பேர் ஒட்டிக்கொண்டால் பிறகு பிடுங்க முடியாது, எல்லோருக்கும் அவர் பள்ளிப்பட்டுதான்.

"படத்துல யாரு ஜெயிக்கிறாங்கண்ணா?" என்று அவர் கேட்டார்.

"நாமதான். பின்ன மிஷினா?"

"அப்போ உன் பொண்ண வந்து இந்த சனியனையும் அடிச்சி ஒடைக்கச் சொல்லு. ஒரு நாள் லீவாவது கெடைக்கும்."

சொல்லிக்கொண்டே டைக்குள் கையை விட்டு, ஒட்டிக்கொண்டிருந்த பீஸை எடுத்தார். கால் பெடல் மேலேயே இருந்தது. பீஸ் எடுக்கிற காந்தக் குச்சி பக்கத்திலேயே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "கை, கை" என்று நான் கத்தினேன். தினமும் கத்துவேன். "உன் தொண்டைக்குத்தான் மிஷினே பயப்படுது" என்று அவரும் தினமும் சொல்வார்.

கத்துவதற்கு எனக்குக் காரணம் உண்டு. என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. இதே பிரஸ்ஸில் போனவை. மகள் அப்போது சின்னக் குழந்தை. கட்டுப்போட்ட கையோடு திருவள்ளூர் மணவாள நகர் வீட்டுக்குள் நுழைந்தபோது, இன்னாச்சு நைனா என்று ஓடி வந்தாள். குழந்தையிடம் என்னத்தைச் சொல்வது? மிஷின் கடிச்சிடுச்சு என்றேன். அந்த வார்த்தை வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது. வெகுநாள் வரை மிக்ஸி ஓடினால் இரண்டு கையையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு அவளைக் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். அன்றைக்கு ஷெட்டில் சத்தம் இருக்காது. கழுவித் துடைத்த மிஷின்களுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருப்போம். என் மகள் பள்ளிக்கூட மர ஸ்கேலைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. பிரஸ்ஸுக்குக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில் ஓடிப்போய் அதை நாலு போடு போட்டாள். ஷெட்டே சிரித்தது. அந்தக் கதையை நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆகவே அவள் யுத்தப் படம் என்றதும் நான் என்ன நினைப்பேன்? என் இரண்டு விரலுக்கும் பழி வாங்க ஒருத்தி புறப்பட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நடுவில் ஒருநாள் போன் செய்து, உங்க ஷெட்டு சத்தம் கொஞ்சம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பு நைனா என்றாள். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து ஆசை தீரப் பதிவு செய்து அனுப்பினேன்.

படம் போட்ட நாள் சனிக்கிழமை. திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பட்டுச்சேலை கட்டிய மனைவியோடு சென்னைக்குப் போனேன். புது இடத்தில் வலது கையைப் பேன்ட் பையிலேயே வைத்திருப்பது என் பழக்கம். கல்லூரி அரங்கில் யாரோ ஒரு வாத்தியார் கை நீட்டினார், இடது கையை நீட்டிச் சமாளித்தேன்.

விளக்கு அணைந்ததும் முதலில் சத்தம்தான் வந்தது. டம். புஸ். டம். புஸ். டை இறங்கும் சத்தம், பிறகு காற்று விடும் சத்தம். என் பிரஸ். பிறகுதான் படத்தில் கால்கள் தெரிந்தன. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சிம்னி உயரத்துக்கு இரும்பு மிஷின்கள், இடிந்த ஊர் ஒன்றின் மேல் நடந்து வந்தன. அவை காலை வைக்கிற இடத்தில் வீடும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். எதையும் குனிந்து பார்க்கவில்லை. மனுஷர்கள் பள்ளத்துக்குள்ளிருந்து சுட்டார்கள். ஒரு மிஷின் முட்டி உடைந்து சாய்ந்தபோது நான் வாய்விட்டு "போடு" என்றேன். முன்வரிசையில் ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். திரும்புடா, என் பெண் எடுத்த படம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சிறுமி வந்தாள். கையில் மர ஸ்கேல். அதைப் பார்த்துச் சிரித்தேன், மனைவியும் என் முழங்கையை இடித்தாள். சிறுமி மிஷினின் முதுகில் ஏறினாள். அடிக்கப் போகிறாள் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவளோ மிஷினின் கழுத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே இரண்டு மஞ்சள் கம்பங்கள், ஒன்றின் முகம் இன்னொன்றின் முகத்தைப் பார்த்தபடி, கறுப்பு டேப்பால் சுற்றிக் கட்டியிருந்தன.

அது என்ன என்று அந்த அரங்கில் என்னையும் படம் எடுத்தவளையும் தவிர யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

பிரஸ்ஸுக்கு முன்னால் இடதும் வலதுமாக இரண்டு மஞ்சள் கம்பம் நிற்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். நடுவில் கை வந்தால் வெளிச்சம் அறுபடும், மிஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதுதான் சென்சார். ஆனால் ஈ பறந்த மாதிரி சின்னத் தடங்கலுக்கும் நிற்கும், நின்றால் உற்பத்தி குறையும். அதனால் இரண்டையும் கழற்றி, நேருக்கு நேர் வைத்து டேப் சுற்றி, மிஷினுக்குப் பின்னால் போட்டுவிடுவது எங்கள் ஷெட்டின் வழக்கம். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, நடுவில் யாரும் இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மிஷினும் அடித்துக்கொண்டே இருக்கும்.

படத்தில் அந்தச் சிறுமி ஸ்கேலை டேப்புக்குள் நுழைத்து நெம்பினாள். கம்பங்கள் பிரிந்தன. மிஷின் முதல்முறையாகக் கீழே பார்த்தது. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. காலடியில் ஒரு டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, இரண்டு விரல். மோதிர விரல், சுண்டு விரல். அந்த மலை மாதிரி இரும்பு, காற்று விடுகிற சத்தத்தோடு மெல்லக் குந்தி உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சிறுமி அடுத்த மிஷினை நோக்கி ஓடினாள். படம் முடிந்துவிட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை. மனைவி என் பேன்ட் பைக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மகளைத் தள்ளிக்கொண்டு போய், "விரலு போனவன் இங்க நிக்கிறேன், நீ போயி மிஷினுக்குப் பரிதாபப்படுறியா?" என்றேன்.

"நீதான நைனா சொன்ன."

"நான் இன்னா சொன்னேன்?"

"ஸ்கேலால அடிச்சேன் இல்ல, அன்னைக்கு. எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம் நான் சுத்தினு பின்னால போனேன். அந்த ரெண்டு கம்பியும் கட்டிக் கெடந்துச்சு, அதுக்கும் யாரோ பூ வச்சிருந்தாங்க. இது இன்னானு கேட்டேன். மிஷினோட கண்ணுனு சொன்ன. ஏன் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கினு கீதுனு கேட்டேன். அப்படித்தான்னுட்ட. அப்போ நம்மள பாக்காதானு கேட்டேன். பாக்காதுன்னு சொல்லிட்டு பொரி பொட்டலத்த கையில குடுத்த."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஸ்கேல் அடியை இத்தனை வருஷம் சொல்லிச் சிரித்தவனுக்கு, அதற்குப் பின்னால் நடந்த பேச்சு துளியும் ஞாபகம் இல்லை. அவளோ அதை வைத்துத்தான் இவ்வளவு பெரிய யுத்தத்தை வரைந்திருக்கிறாள்.

"உன் விரலு போனப்போவும் கட்டித்தான் இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா."

மனைவி என்னைப் பார்த்தாள். அவளிடமும் நான் மிஷின் கடித்த கதையைத்தான் சொல்லியிருந்தேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டிருந்தேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"இப்போ?"

"இப்பவும்தான்."

"இப்போ அதுல யாரு கைய வுடுறாங்க?"

பள்ளிப்பட்டு அம்மாவின் கை, பேச்சுக்கு நடுவில் டைக்குள் போய் வருகிற அந்தக் கை, கண் முன்னால் வந்து நின்றது.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினவன் நேராக மிஷினுக்குப் பின்னால் போனேன். டேப் பிசினாக இறுகிக் கிடந்தது. அறுத்து எடுத்து, கம்பங்களைத் துடைத்து, முன்னால் அதனதன் இடத்தில் மாட்டினேன். பள்ளிப்பட்டு அம்மா வந்தவுடன், "யாருண்ணா ஜெயிச்சாங்க?" என்றார். சண்டை இன்னும் முடியவில்லை என்றேன். "அப்போ ரெண்டாம் பாகம் கீதா?" என்று சிரித்துவிட்டுப் பெடலில் காலை வைத்தார்.

காலை முழுக்க எனக்குப் பெரும்பாடுதான். கம்பம் இரண்டும் நேராக நிற்காமல் மிஷின் நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் பட்டனை அழுத்தி மறுபடி கிளப்பிவிட வேண்டியிருந்தது. "இன்னாண்ணா இது பேஜாரு, பேசாம பழையபடி கட்டிடு" என்று அந்த அம்மாவே அலுத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களின் கேள்விக்குப் பயந்தவர்.

"இந்தக் கட்ட எவன்யா அவுத்தது?"

"நான்தான் சார்."

"மேல கேட்டா நீ வந்து பதில் சொல்வியா? சாப்பாட்டு பெல்லு வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நானே கட்டிடுவேன்."

பெல் அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மிஷின் மறுபடி நின்றது. எரிச்சலில் சென்சாரைத் திட்டிக்கொண்டே பட்டனை அழுத்தப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். மேல் டை பாதி இறங்கி நின்றிருந்தது. அதற்கு அடியில் பள்ளிப்பட்டு அம்மாவின் வலது கை, மணிக்கட்டு வரைக்கும். விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட பீஸ்.

"அண்ணா, நான் மிதிச்சிட்டேன்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"கைய எடு தாயி. மெதுவா எடு."

எடுத்தார். முகத்துக்கு நேரே வைத்து விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்தார். "அஞ்சும் கீதுண்ணா" என்றார். கழிவுத் தகடு போடுகிற பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் சொன்னபடியே வந்தார். கையில் புது டேப் சுருள். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் பள்ளிப்பட்டு அம்மா பெடலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"கட்டிக்கோ சார். நான் வேணாம்னு சொல்லல. கட்டிட்டு, உன் கைய ஒரு தபா உள்ள வை. நான் மிதிக்கிறேன்."

ஷெட்டில் பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் அந்த அம்மாவைப் பார்த்தார், டையைப் பார்த்தார். நான் இரண்டு விரல் போன வலது கையை நீட்டி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மிஷின் மேல் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார்.

சார் கை வைக்கவில்லை.