முகத்துக்குக் கீழே இருந்தவள்

1. ஃபைல்

சிங்காநல்லூரில் ஒரு பிளெக்ஸ் அச்சகத்தில் லேஅவுட் பார்க்கிறேன். அன்னூர், காரமடைப் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்கள் டிசைன் செய்து அனுப்பும் ஃபைல்களைச் சரிபார்த்து மெஷினுக்கு அனுப்புவதுதான் என் வேலை. பெயரில் எழுத்துப் பிழை, கலர் மாறியிருப்பது, படம் உடைந்திருப்பது, இவற்றைப் பிடித்தால் போதும். யார் இறந்தார்கள், யாருக்குக் கல்யாணம் என்று கவனித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

அன்று அன்னூரிலிருந்து வந்தது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தீபா என்ற பெண், காய்ச்சலில் போனவள், கல்யாணமாகாதவள். ஊதா நிறப் பட்டுச் சேலையில் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அனுப்பிவிடலாம் என்று போனபோது அந்த இடது சுண்டுவிரல் கண்ணில் பட்டது.

விரல் நடுவில் வளைந்து வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. என் மகள் யாழினி சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து, கட்டுச் சரியாகப் போடாமல் கூடிய விரல் அப்படித்தான் இருக்கும். வளைந்த சுண்டுவிரல் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் மென்பொருளில் லேயர் என்னும் ஒவ்வொரு அடுக்குக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மறையும். தீபாவின் முகம் தனி லேயராக இருந்தது. அதன் கண்ணை மூடினேன்.

கீழே யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல், "எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு."

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்து, "என்னம்மா, கிளாஸ்ல இருக்கேன், யாருக்கு என்னாச்சு?" என்று கிசுகிசுத்தாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். தீபாவின் முகத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

2. பாடி மாற்றுவது

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் நல்ல படம் பெரும்பாலான வீடுகளில் இருக்காது. ரேஷன் கார்டுப் படமோ, கூட்டத்தில் பாதி முகம் தெரியும் போன் படமோ கொண்டுவருவார்கள். ஆணுக்குக் கோட்டு போட்ட உடம்பு, பெண்ணுக்குப் பட்டுச் சேலை உடம்பு என்று தயாராக வைத்திருப்போம். முகத்தை வெட்டி அதன்மேல் வைத்துக் கழுத்தில் கலரைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இதற்குப் பாடி மாற்றுவது என்று பெயர். நானே நிறையச் செய்திருக்கிறேன். அந்த உடம்புகள் மொத்தமாக ஒரே கட்டாக, பேக் என்ற பெயரில், பென்டிரைவில் கைமாறி வரும். எங்கிருந்து வருகின்றன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

யாழினி கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரு பட்டுச் சேலைக் கடையின் கேட்லாக்குக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் படம்தான் இது. அவள் படிக்கும் பாடத்தில் எங்கள் வேலைக்குப் படைப்புத் தொழில் என்று பெயர். அதை நம்பி யார் யார் பிழைக்கிறார்கள் என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். இந்த ஒரு படத்தை வைத்தே அவள் எழுதியிருக்கலாம். சேலை நெய்தவர், மேக்கப் போட்ட பெண், போட்டோ எடுத்தவர், கேட்லாக் அடித்தவர், பிறகு யாரோ அதை வெட்டிப் பேக்கில் சேர்த்தவர், அதை வாங்கிய ஸ்டூடியோக்காரர், எங்கள் மெஷின்காரர், சட்டத்துக்கு வெல்டிங் வைப்பவர், கம்பம் நடுபவர். எல்லோரும் வேலை செய்துதான் சாப்பிடுகிறார்கள். திருடுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. படத்தில் நின்றவளிடம் மட்டும் யாரும் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்னூர் ஸ்டூடியோ பிரபுவைப் போனில் பிடித்தேன்.

"அது பேக்ல வந்ததுங்க்கா. கை நல்லா வுழுந்துருக்கும், அதனால எல்லாரும் அதத்தான் எடுப்போம்."

"எல்லாரும்னா?"

"நம்ம பக்கம் பூராங்க்கா. சீருக்கு, சாவுக்கு, எலக்சனுக்கு. ஏனுங்க்கா, படம் ஒடையுதுங்களா?"

முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அம்மணி, மெஷின் காத்தாடிட்டு நிக்குது. என்ன, படத்துக்குச் சாமி வந்துருச்சா?"

திரையைத் திருப்பிக் காட்டி, முகத்தை மறைத்தும் காட்டினேன். யாழினியைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிறுத்துங்க. நாளைக்குக் காத்தால அவங்க கும்பிடறாங்க. வேற ஒடம்பு ஒண்ணு மாத்திப்போட்டு அனுப்பிருங்க."

பேக்கைத் திறந்து தேடினேன். ஒருத்தியின் மணிக்கட்டில் தீப்பட்ட தழும்பு. இன்னொருத்தி நகம் கடிப்பவள். ஒருத்தியின் உள்ளங்கையில், கல்யாண வீட்டில் வைத்ததோ என்னவோ, மருதாணி. இதற்கு முன் சேலையும் கோணமும் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கின்றன. இவர்களில் யாரை எடுத்து அங்கே வைப்பது? பேக்கை மூடிவிட்டேன்.

3. யாழினி

மாலையில் வீட்டில் அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"அங்க மாலை மரியாதையா இருக்கேனாக்கும். இங்க காலைல எந்திரிக்கலைன்னு நீ திட்டறே."

பிறகு துப்பட்டாவுக்குள் கையை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

"உன்னவிட ஒரு வயசு கம்மி."

"ஊட்லயும் மாட்டியிருக்காங்களா?"

மாட்டியிருக்கிறார்கள் என்று பிரபு சொல்லியிருந்தான். காரியத்தன்று சட்டம் போட்டுக் கொடுத்ததே அவன்தான். கல்யாணமாகாமல் போன பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். படத்துக்குப் பொட்டு வைப்பார்கள், வளையல் சாத்துவார்கள்.

"எடுத்துரும்மா. எனக்கு என்னமோ போல இருக்குது" என்றாள். அவளுக்கு அன்று லேசான சளி. தும்மும்போதெல்லாம் நான் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

4. அன்னூர்

விடிந்ததும் லேப்டாப்பையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு, காந்திபுரத்தில் பஸ் மாறிப் போனேன். கோவில்பாளையம் தாண்டும்போது ஒரு பூப்புச் சீர் பேனர். சின்னப் பெண் முகம், ஊதாச் சேலை, அந்தச் சுண்டுவிரல். இன்னும் கொஞ்ச தூரத்தில் தேர்தலில் ஜெயித்து நன்றி சொல்லும் பேனர் ஒன்று. கண்ணாடி போட்ட பெரிய அம்மாள், அதே சேலை, அதே விரல். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் மகள் அந்த ரோடு முழுக்க வேறு வேறு முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

தீபாவின் அம்மா சரசு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பிளெக்ஸ் ஆபீஸ் என்றதும், "வாங்க, வாங்க, தண்ணி குடிங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். சாமி அறையில் ஆளுயரப் படம். மல்லிகை மாலை. சட்டத்தின் மூலையில் கண்ணாடி வளையல்கள். நெற்றியில் சந்தனம் குங்குமம், அது சரி. கோத்திருந்த கைகள்மேலும் மஞ்சள் தடவியிருந்தது. தினம் தினம் தடவித் தடவி அந்த இடத்தில் கண்ணாடி மங்கியிருந்தது. என் கை தானாகப் பின்னால் போயிற்று.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இந்தக் கை..." என்றேன்.

"என்ற புள்ள கை இல்லைங்க. தெரியுமுங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? அவ வெரலு நேரா இருக்குமுங்க. காரியத்தன்னிக்கே பாத்துட்டேன். யாரு பெத்த புள்ளயோ, இதும் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சு, ரெண்டு பேருக்கும் சேத்தித்தான் கும்பிட்டுட்டு இருக்கனுங்க."

"அவ போகலைங்க. என்ற புள்ளைங்க. காலேஜ் படிக்கறா."

சரசு கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "உசுரோடவா?" என்றாள். அடுத்த நொடி படத்திலிருந்த மாலையைப் பிடித்து இழுத்தாள். நார் அறுந்து பூ சிதறியது. முந்தானையால் கண்ணாடியிலிருந்த மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். "அய்யோ சாமி, உசுரோட இருக்கற புள்ளைக்கா ஒரு வருசமா இதைப் பண்ணிப்போட்டேன்? நல்லா இருக்கறாங்களா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லைங்களே?"

சளி என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருக்கறா" என்றேன்.

படத்தை இறக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். அறை திடீரென்று வெறுமையாகிவிட்டது. சரசு அந்த வெற்று ஆணியைப் பார்த்தாள். "இன்னைக்குத்தானுங்க அவளுக்குக் கும்பிடோணும். எதப் பாத்துக் கும்பிடறது?"

அதைச் செய்து தருவதுதான் என் வேலை. "நீங்க ஒரு பட்டுச் சேலை கட்டிட்டு வாங்க" என்றேன்.

"நானுங்களா? எதுக்குங்க?"

"முகம் தீபாவோடது. ஒடம்பு உங்களுது."

"இந்தக் கட்டக் கையவா? களை வெட்டுன கையிங்க இது." கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். அங்கேயே லேப்டாப்பில் வேலையை ஆரம்பித்தேன். சரசு சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவின் முகத்தை அதன்மேல் இறக்கினேன். கழுத்துக் கலரை நான் சேர்க்க வேண்டியே இருக்கவில்லை. தோளும் தலையும் ஒரே ஆளுடையவைபோல அமர்ந்துகொண்டன.

கைகளைப் பெரிதாக்கி நரம்புகளை அழிக்கத் தொடங்கினேன். முதல் நரம்பு மறைந்ததும் சரசு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"நரம்ப எடுக்கறனுங்க. சின்னப் புள்ளைக் கையாட்டம் ஆக்கோணுமில்ல?"

"வேண்டாங்க. வுட்ருங்க" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் வயசாகட்டுமுங்க அவளுக்கு."

அழித்த நரம்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். படம் அப்படியே அச்சுக்குப் போய், அன்றைக்கே அந்த ஆணிக்கு வந்துவிட்டது.

அந்தப் பேக்கை எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டோம். மற்ற ஊர்களில் இருப்பதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பாடி மாற்றக் கேட்டு வருபவர்களிடம், உங்கள் வீட்டில் யாராவது வந்து நிற்க முடியுமா என்று இப்போது கேட்கிறேன். பெரும்பாலும் யாராவது வந்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் எதையும் அவர்களைக் கேட்காமல் நான் அழிப்பதில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் அழிப்பதற்கு முன் கேளுங்கள்.