பதினான்கு வீட்டில் ஐந்து

1958 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. நல்ல வெயில். மேற்குக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. காற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

விழுப்புரத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அப்பா, திண்டிவனத்தில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடத் தீர்மானித்திருந்தார். சேமிப்பு போதாமல் அம்மாவின் ஆறு தங்க வளையல்களையும் விற்றாயிற்று. மூன்று வருஷ வாடகையில் திருப்பிச் செய்து போடுவதாக வாக்கு. அம்மா கண்ணாடி வளையல்களோடு வந்தாள். எனக்கு ஒன்பது வயது.

தரகர் முதலில் காட்டியது ஒரு சந்தில் இருந்த வீடு. சந்தில் பதினோரு வீடுகள், வாசலிலேயே குழாய், நாற்பது அடியில் பள்ளிக்கூடம். ஒரு வீடும் காலியில்லை. விற்பனைக்கு வந்ததிலும் ஆள் குடியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "வெயில்ல வந்துகினு இருக்கீங்க, புள்ளைக்குத் தண்ணி தரட்டுங்களா?" என்று கேட்டாள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இங்க எல்லாம் கூலிக்காரங்க, கலப்பு ஜனம் சார். உங்களுக்கு ஏத்த தெரு வேற இருக்குது," என்றார் தரகர்.

"ஏங்க, வாசல்ல கொழா இருக்குது. இத உட்டுட்டு எவன் காலி பண்ணுவான்?" என்றாள் அம்மா.

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா வா."

இரண்டாவது தெரு அகலமாக இருந்தது. பெருக்கிக் கோலம் போட்ட வாசல்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று அப்பா ஒவ்வொரு வீடாகக் கேட்டார். தாசில்தார் ஆபீஸ்காரர், வக்கீல் குமாஸ்தா, நிலக்காரர். பதிலைக் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. காலியாகக் கிடந்த வீடுகளில் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அதற்குள் நான் கதவுகளை எண்ணிவிட்டேன். பதினான்கில் ஐந்தில் 'வீடு வாடகைக்கு' என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது. உரக்கச் சொன்னேன்.

தரகர் சிரித்தார். "புள்ள கணக்குல புலி சார்! பாத்தீங்களா, தெருவே வாடகையில சம்பாதிக்குது." என் கையில் இரண்டு மிட்டாய்கள் வைத்தார். அந்தத் தெருவில் விற்பனைக்கு இருந்த வீட்டுக்கு அப்பா அங்கேயே முன்பணம் கொடுத்தார். விலை 4,200 ரூபாய்.

தெருவின் கிழக்கு முனையில் பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற ஆலை. ஐப்பசியில் அறுவடை வந்ததும் திறந்தார்கள். காற்றும் திரும்பிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது. தொட்டியில் தொலி, சோற்றில் தொலி, பொழுதுக்கும் இயந்திர இரைச்சல். குடிவந்தவர்கள் தை பிறக்குமுன் போனார்கள். வருஷா வருஷம் இதேதான். தரகருக்குத் தெரியாதா? அந்த ஊர்க்காரன்தானே! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்பாவை நினைத்தால் இன்னும் எரிகிறது. தண்ணீர் கொடுக்க வந்தவளைப் பார்த்து அந்த முதல் தெருவை வேண்டாமென்று தள்ளினாரே!

மிட்டாயை நான் விழுப்புரம் வரும்வரை சப்பினேன். கணக்குச் சரியாகச் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்தேன். வாயை மூடக் கொடுத்தது என்று அப்போது தெரியவில்லை.

1963இல் அப்பா அந்த வீட்டை 2,600க்கு விற்றார். பழுதுச் செலவு 310. ஐந்து வருஷத்தில் வந்த வாடகை இருபத்தாறு மாதம், மாதம் 22 வீதம் 572. அம்மா கடைசிவரை கண்ணாடி வளையல்தான் போட்டாள். அப்பாவுக்கு நஷ்டம் ரூபாய் 1,338.