டாக்டர் எழுதிக் கொடுத்த மௌனம்

கீழ்வரிசையில் ஒரு பல் போன இடத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொள்ள, செங்கம் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து அவருக்குப் பல்லைவிட ஆத்மாவில் தேர்ச்சி ஜாஸ்தியாகியிருந்தது. தாடை எலும்பில் இம்பிளான்ட் திருகை இறக்கிவிட்டு, மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, ‘ஒரு மண்டலம் மௌனம்’ என்று எழுதினார்.

“பேச்சு கம்மியானா திருகு சீக்கிரம் செட் ஆயிடும்ங்க. மனசும் அடங்கும்.”

வேறு ஊர்க்காரன் என்றால் சிரித்திருப்பான். இந்த ஊரில் மௌனம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எதிர்க்கேள்வி கேட்கத் தோன்றாது. ஆசிரமப் பக்கம் பலர் செய்வதுபோல் ‘மௌனம்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேங்கிக்கால் ஆபீசுக்குப் போனேன். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காத பியூன்கூட எழுந்து நின்றான். என் மனைவி, “இத முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கலாம் அந்த டாக்டரு” என்றாள்.

சீக்கிரமே ஈறு வீங்கிச் சீழ் கசிந்தது. அட்டையோடு டாக்டர் முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

“வலி உடம்புக்குதாங்க, உங்களுக்கு இல்ல. மண்டலம் முடியட்டும்.”

உமக்குப் பல் வலித்தால் அது யாருக்கு வலிக்கும் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மண்டலம் முடிந்த மறுநாளே வேங்கிக்காலில் இருந்த ஒரு பெண் பல் டாக்டரிடம் ஓடினேன். லேசாகத் திருப்பியதும் திருகு கையோடு வந்துவிட்டது. சுற்றியிருந்த எலும்பைச் சீழ் அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. எனக்கு அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்துக் கடைவாய்ப் பல்தான் கவலை. அந்தப் பக்கம் மெல்லுவதற்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“பள்ளம் ஆறிடும்ங்க. பக்கத்துப் பல்லுக்குதான் ஒரு பக்கம் பிடிமானமே இல்ல. பாக்கலாம். சீழ் வந்தப்பவே ஏன் வேற யார்கிட்டயும் சொல்லல?”

காரணத்தைச் சொன்னேன். சிரிக்காமல் இருக்க அந்தம்மா மிகவும் பாடுபட்டார்.

சில மாதங்களில் பள்ளம் ஆறியது. நான் பக்குவம் போதாத ஆள் என்று செங்கம் ரோட்டு டாக்டர் யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. பக்குவமாம். அந்த ஆளுக்குப் பல்லும் தெரியாது, பகவானும் தெரியாது.

பக்கத்துப் பல் நாக்கு பட்டாலே ஆடியது. குழைந்த சோற்றைக்கூட மெல்ல முடியாமல் போனபோது அதையும் எடுத்துவிடும்படி வேங்கிக்கால் டாக்டரிடம் சொன்னேன். எடுத்ததை டாக்டர் கழுவிக் காட்டினார். வேரோடு முழுசாக இருந்தது. ஒரு சொத்தைகூட இல்லை.