எலிவேஷனை மறைத்த மரம்

நத்தம் ரோட்டுப் பக்கம் அண்ணனும் நானும் சேர்ந்து வீடு கட்டினோம். முடிந்ததும் வாசலில் தோட்டம் போடுகிற பேச்சு வந்தது. எங்களைப் பெற்ற அத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவர் அவர். வாசலில் ஏற்கெனவே நின்ற புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு, பிற்பகல் அசர் தொழுதுவிட்டுச் செத்த நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு டிசைனரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் லேப்டாப்பைத் திறந்து எங்கள் வாசலை எங்களுக்கே காட்டினார். பச்சைப் பிளாஸ்டிக் புல், வெள்ளைக் கூழாங்கல், நடுவில் இரண்டு ஃபைபர் மான்கள். படத்தில் வெயில் என்ற ஒன்றே இல்லை. மரமும் இல்லை.

"மரம் நின்னா எலிவேஷன், அதான் வீட்டு முகப்பு, மறைஞ்சிரும் சார். இம்புட்டு டைல்ஸ் ஒட்டினது எதுக்கு?"

"அப்ப நிழலு எங்கப்பு விழும்?" என்று அத்தா கேட்டார்.

"உள்ள ஏசி போட்டிருக்கீகள்ல பாய்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆள் மீது கூட அவ்வளவு இல்லை. தலையாட்டிக்கொண்டிருந்த அண்ணன் மீதுதான். சண்டை போட்டேன். "நாளைக்கு வீடு பாக்க வாரவுகளுக்கு மரத்தையாடா காட்டச் சொல்ற?" என்று வாயை அடைத்துவிட்டார். இந்த ஊரில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் பிடித்திருக்கிற பைத்தியம் இது. குடியிருப்பவர்களுக்காக யாரும் கட்டுவதில்லை, ரோட்டில் போகிறவர்களுக்காகக் கட்டுகிறார்கள். புங்கமரத்தை ஒரே காலையில் அறுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

திண்டுக்கல் வெயிலில் அந்தப் புல் கொதித்தது. மதியத்தில் கால் வைத்தால் தோல் உரிந்துவிடும். சூடான பிளாஸ்டிக் நாற்றம் ஜன்னல் வழியாகச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. பக்ரீத்துக்கு அய்யலூர்ச் சந்தையில் பிடித்த கிடாயை அதில்தான் கட்டினோம். அது புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆட்டுக்கு இருந்த அறிவு வீட்டில் சம்பாதிக்கிறவர்களுக்கு இல்லை. கிடாயின் மூத்திரம் பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் இறங்கி, பெருநாள் முடிந்த பிறகும் வீச்சம் போகவில்லை. எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் ஈ மொய்த்தது. அண்ணன் அதற்கும் ஒரு ஸ்ப்ரே வாங்கிவந்தார்.

வீடு பார்க்க வந்தவர்கள் மான்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர்கூடப் புல்லின் மேல் உட்காரவில்லை.

எதிர்ப்புறம் யாருடையதோ விற்காத பிளாட் கிடக்கிறது, அதில் ஒரு வேப்பமரம். ஒருநாள் அத்தா தன் நாற்காலியை அங்கே போட்டுவைக்கச் சொன்னார். இப்போது தினமும் கைத்தடியோடு போய் அங்கேதான் உட்காருகிறார். "அடுத்தவுக எடத்துல உக்காந்தா நல்லாவா இருக்கு?" என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். அத்தா கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சொந்த வீடு கட்டிய பிறகு, அத்தாவுக்கு டீ கொடுக்க நான் ரோட்டைத் தாண்டிப் போகிறேன்.