சமமான பலகை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நான் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கையெழுத்து நேராக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக, புதிதாகத் தொடங்கிய கேரம் லீகுக்கு என்னை ஸ்கோர் எழுத வைத்தார் பேருந்து நிலையத்தருகே வாடகை சைக்கிள் கடை நடத்திய பாய்.

கேரமைத் தொழிலாக ஆட முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, கச்சிராயபாளையம் என நான்கு அணிகள். ஆடுகிறவருக்குச் சம்பளம், பார்க்கிறவருக்கு டிக்கெட். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "மழைக்கு ஒதுங்கனவன் ஆடறது பாய் இது" என்றார் டீக்கடைக்காரர்.

பாய் சிரிக்கவில்லை. ஒரு நோட்டு வாங்கி வந்து விதிகளைச் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார். முதல் விதி: பலகை சமமாக இருக்க வேண்டும். அதற்காகவே புதுப் பலகை ஒன்று வாங்கினார். நான்கு ஊருக்கும் அதுவே பேருந்தின் மேல் ஏறிப் போகும்.

முதல் ஆட்டம் உளுந்தூர்பேட்டையில், எங்கள் ஊருக்கும் அவர்களுக்கும். கொத்தனார் ஒருவர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேசைக்கால் ஒன்றின் அடியில் அட்டை சொருகினார். அதன் பிறகு நான் பார்த்தது இன்றும் வியப்பாக இருக்கிறது. இரண்டு ஊரிலும் கைதேர்ந்தவர்கள் அடித்த காய்கள் குழிக்கு ஒரு விரல் தள்ளியே போய் நின்றன. எங்கள் ஊரின் முதல் ஆட்டக்காரர் ஒரு தையற்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். அவர் சிவப்புக் காயை நான்கு முறை தவறவிட்டார். லாரிப் பட்டறையிலிருந்து வந்தவர்கள் பாதியிலேயே எழுந்தார்கள். "இத்தப் பாக்கவா டிக்கெட்டு?"

மறுநாள் மாஸ்டரிடம் காரணம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம போர்டு வலது மூலைக்கு லேசா எறக்கம் சார். பத்து வருசமா அந்த எறக்கத்துக்குத்தான் அடிச்சிக்கினு இருக்கேன். சமமா இருந்தா கை எங்க போவும்?"

விசாரித்ததில் நான்கு ஊரிலும் அதே கதை. கேரம் ஆடும் மன்றம் ஒவ்வொன்றின் பலகைக்கும் ஒரு கோணல். அந்தக் கோணலுக்குப் பழகியவரே அந்த ஊரின் கெட்டிக்காரர். அந்தந்த ஊர்ப் பலகையிலேயே ஆடலாம் என்று பாயிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"கோணல் போர்டுல காசு குடுத்து ஆட வெச்சா அதுக்குப் பேரு சூதாட்டம் தம்பி. நாளைக்கு ஸ்டேஷன்ல நான்தான் கைய கட்டிக்கினு நிக்கணும்."

அடுத்த ஞாயிறு கச்சிராயபாளையத்தில் ஆட்டம். இதுவும் கெட்டால் விலகிவிடுவதாக அந்த ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று அணியை வைத்து லீக் நடத்த முடியாது. அந்த வாரம்தான் போராட்டக்காரர்கள் சாலைகளில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பேருந்து நின்றது. சமமான பலகை உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டது.

ஞாயிறு காலை பாய், மாஸ்டர், அணியின் இன்னும் இருவர், நான் என ஐந்து பேரும் பாயின் வாடகை சைக்கிள்களில் கிளம்பினோம். வழியில் ஒரு மரம் சாலை முழுவதும் கிடந்தது. போராட்டக்காரர்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பாய்?"

"கேரம் ஆடப் போறோம்பா."

"நாடே நின்னுக்கினு இருக்குது, உனுக்கு கேரமா?" என்று ஒருவர் சிரித்தார். பிறகு இறங்கி வந்து, "கிளைல பெடல் மாட்டும், நிமித்தித் தூக்குப்பா" என்று பக்கத்திலிருந்தவரை ஏவி, ஐந்து சைக்கிளையும் அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். "ஜெயிச்சியா தோத்தியானு திரும்பறப்ப சொல்லிட்டுப் போ."

கச்சிராயபாளையத்துப் படிப்பகத்தில் உட்கார இடமில்லை. பேருந்து ஓடாததால் ஊரே ஊரில் இருந்தது. ஜன்னலில் கல்வராயன் மலை தெரிந்தது. அங்கிருந்த பலகை என்றோ மழையில் நனைந்து, மலைப்பக்கத்து மூலை நன்றாகத் தாழ்ந்திருந்தது. அந்த மூலைக் குழியை அவர்கள் கிணறு என்றார்கள்.

மாஸ்டர் உட்காரவில்லை. "ஆடறதுக்கு முன்ன கொஞ்சம் தட்டிப் பாக்கணும்."

"ரூல்ஸ்ல கீதா?" என்றார் அவர்கள் அணித் தலைவரான டிராக்டர் ஓட்டுநர்.

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். விதிப்படி அந்தப் பலகையில் ஆட்டமே கூடாது. அவர் என்னிடமிருந்து நோட்டை வாங்கினார். ஆட்டத்தை ரத்து செய்யப் போகிறார் என்று நினைத்தேன். முதல் விதியை வெகுநேரம் பார்த்துவிட்டு, அதன் மேல் கோடு கிழித்து, தன் கையாலேயே கோணலாக எழுதினார்: 'அந்தந்த ஊர்ப் பலகை. வெளியூர்க்காரர் முன்னதாகப் பன்னிரண்டு அடி அடித்துப் பார்க்கலாம்.'

மாஸ்டர் பன்னிரண்டு அடியையும் காய் எடுப்பதற்காக அடிக்கவில்லை. ஒரே காயை மெல்லத் தள்ளி, அது எங்கே தயங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று குனிந்து பார்த்தார். கூடியிருந்தவர்களும் சேர்ந்து குனிந்தார்கள். தங்கள் பலகையை அவர்கள் அப்படிப் பார்த்ததில்லை என்று தோன்றியது. ஒன்பதாவது தள்ளலில் காய் வளைந்து போய்க் கிணற்றில் விழுந்தது. யாரோ கைதட்டினார்.

இரண்டு மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. மாஸ்டர் கடைசிச் சுற்றில் தோற்றார். டிராக்டர் ஓட்டுநர் பவுடர் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வாசல்வரை வந்தார்.

"அடுத்த மாசம் நாங்க அங்க வரணும் இல்ல? உங்க போர்டு எந்தப் பக்கம் இழுக்கும் மாஸ்டர்?"

மாஸ்டர் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டார். "பன்னண்டு அடி இருக்குதுல்ல. வந்து பாருங்க."

"அடுத்த மாச ஆட்டத்தையும் நோட்டுல எழுதிக்க தம்பி" என்றார் பாய். பிறகு சைக்கிளில் ஏறினார்.