பினாயில் அக்காவும் வெள்ளை நூலும்

அறுநூறு பைன் கன்றுகள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றுப்பண்ணையில் அவளுக்குப் பினாயில் அக்கா என்று பெயர். பதினாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டைக் கழுவித் துடைத்தவள். முதுகு போனபின் இங்கே வந்தாள். வந்ததுமே மண்ணைச் சந்தேகப்பட்டாள். டிரம்மில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே தட்டில் மண்ணைப் பரப்பி, ஆவி பறக்க அவித்தாள். பிறகுதான் பையில் நிரப்பிக் கன்று நட்டாள்.

நான்கு மாதமாகியும் கன்றுகள் விரல் நீளத்தைத் தாண்டவில்லை. ஊசி இலைகள் ஊதா நிறமேறி வெளிறின. மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் பண்ணைக்கார அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"மழைக்குள்ள இது பச்சை பிடிக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன், தப்பா நினைக்காதே."

வேலை போனால் மறுபடி வார்டு. குனிந்து துடைக்க முதுகு இடம் கொடுக்காது.

கடைசி வரிசையில் மட்டும் நாற்பது கன்றுகள் கொழுகொழுவென்று நின்றன. அந்த வரிசையை நிரப்பியவர் பண்ணையில் கன்று ஏற்றிப்போகும் வண்டிக்காரர்.

"அண்ணே, இதுக்கு என்ன மண்ணு போட்டீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ சாப்பிடப் போயிருந்த. அவிச்ச மண்ணு தீந்துடுச்சு. வாசல் கேட் பக்கத்துல இருக்கிற பெரிய பைன் மரத்துக்கு அடியில ரெண்டு கூடை அள்ளிப் போட்டுட்டேன்."

"அவிக்காமலா?"

"மண்ணு என்ன முட்டையா, அவிக்கறதுக்கு?"

அக்கா ஒரு பையைக் கிழித்தாள். வேரெல்லாம் வெள்ளை நூல். "பூசணம். எடுங்க அந்தப் பினாயில."

இன்னும் கிளம்பாமல் பேச்சைக் கேட்டு நின்ற பண்ணைக்கார அம்மா அவள் கையைப் பிடித்தார். "இரு. மண்ண அவிச்சியா? யாரக் கேட்டு?"

"சுத்தம் பண்றதுக்குக் கூட கேக்கணுமா?"

"அந்தப் பூசணந்தான்டி வேருக்குக் கூட்டாளி. அத்தனையையும் அவிச்சுத் தொலைச்சிருக்க."

வேர் நுழையாத சந்தில் அந்த நூல் நுழையும். மண்ணில் ஒட்டிக் கிடக்கும் சத்தைக் கரைத்து வேருக்குக் கொண்டுவரும். மரம் இலையில் சமைத்த சர்க்கரையைக் கூலியாகத் தரும். சும்மா உழைக்க யாருக்கும் தலையெழுத்தில்லை, பூஞ்சைக்கும்தான்.

"பதினாறு வருஷம் கிருமியக் கொன்னே கை பழகிடுச்சும்மா," என்றாள் அக்கா. வாளியோடு பெரிய பைனுக்கு நடந்தாள். ஒவ்வொரு கன்றின் வேரோரமும் குழி குத்தி ஒரு பிடி மண் வைத்தாள். அவிக்காத மண்.

இரண்டு மாதத்தில் புது ஊசிகள் பச்சையாக எட்டிப் பார்த்தன.

"என் சோம்பேறித்தனந்தான் உன் வேலையக் காப்பாத்துச்சு," என்றார் வண்டிக்காரர்.

"அதான் தினமும் காப்பாத்திக்கிட்டே இருக்கீங்களே. எந்திரிங்க, வண்டியில ஏத்தணும்."

முதல் மழையன்று வண்டி ஏறிய கன்றுகள்: ஐந்நூற்று எழுபத்தொன்று.