தேர்தல் மாதத்துத் துப்பாக்கி

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை ஒப்படைக்க அவரோடு தி. நகர் ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் அந்த நகைக்கடைக்கார அம்மாளைப் பார்த்தேன். கனத்த தோடு, கசங்காத பட்டு, மடியில் கைப்பை, அதற்குள் ஒப்படைக்கக் கொண்டுவந்த ஒரு சின்ன ரிவால்வர். எங்களோடு பேசும்போதும் அவர் கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

கல்லூரியில் ரைபிள் சுடப் பழகிக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாயிண்ட் முப்பத்திரண்டு குண்டு ரொம்பச் சின்னதுக்கா. ஓடி வர்றவனை நிறுத்தாது."

"நிக்க வேண்டாம் தம்பி. திரும்பி ஓடினாப் போதும்லா."

"ஓடலேன்னா?"

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

"இந்த ஒரு மாசம் நகையோட எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

"எதிர்க்கடைக்காரருக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. நேத்து நானே போய், ஒண்ணாக் கடை சாத்திட்டு ஒண்ணா நடப்போம்னேன். சரின்னுட்டாரு."

தேர்தல் முடிந்து அப்பாவின் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றும் கடை சாத்தும் நேரத்தில் உஸ்மான் சாலையில் அவர்களைப் பார்க்கிறேன். இப்போது ஏழெட்டுக் கடைக்காரர்கள். நடுவில் அந்த அம்மாள், தங்கம் விலையைப் பற்றி எல்லோரோடும் சண்டை போட்டபடி நடக்கிறார். ரிவால்வரைத் திரும்ப வாங்கினாரா என்று கேட்க நினைப்பேன். சண்டையில் குறுக்கிட மனம் வருவதில்லை.